கிரிகிங் வேரியன்ஸோடு கணக்கை முடிக்காதீர்கள்

50 மீட்டருக்கு 50 மீட்டர் கட்டத்தில் துளையிட்டு, 63.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எச்க்யூ கோர் (துளையிட்டு எடுக்கும் பாறை உருளை) எடுக்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றியுள்ள 2,500 சதுர மீட்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோரின் குறுக்குப் பரப்போ 0.0032 சதுர மீட்டர்தான். ஏறத்தாழ எட்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதிலும் பாதிக் கோர் பெட்டியிலேயே தங்கிவிடும். மீதியை உடைத்து, பிரித்து, அரைத்து, கடைசியில் உலைக்குள் போவது 30 கிராமோ 50 கிராமோதான். மண்ணிலும் இதே நிலைமைதான்: 100 மீட்டர் கட்டத்தில் ஆகர் (மண்ணைக் குடையும் திருகுத் துளைப்பான்) போட்டு எடுத்த ஒரு கைப்பிடி மண், ஒரு ஹெக்டேருக்குச் சாட்சி சொல்கிறது.

மற்றதெல்லாம் ஊகம். அந்த ஊகம் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதை எண்ணாகச் சொல்லத்தான் ஜியோஸ்டாடிஸ்டிக்ஸ் (இடம்சார்ந்த புள்ளியியல்) இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. அருகில் உள்ள மாதிரிகளுக்கு எடை கொடுத்து இடைப்பட்ட இடத்தை மதிப்பிடும் முறைதான் கிரிகிங். அதை ஓட்டியதும் மென்பொருள் இரண்டு எண்களைத் தருகிறது: மதிப்பீடு ஒன்று, கிரிகிங் வேரியன்ஸ் (மதிப்பீட்டுப் பிழையின் பரவல் அளவு) ஒன்று. இரண்டாவதற்கு வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்கி, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்று அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான படிவுகளுக்கு அது செல்லாது. ஏன் என்பதைக் கையால் போடும் கணக்கு ஒன்றிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டு துளை, ஒரு நடுப்புள்ளி

மொத்த வேரியன்ஸை 1 என்று வைத்துக்கொள்வோம். வேரியோகிராம் என்பது இரண்டு மாதிரிகளின் வித்தியாசம் தூரத்தோடு எப்படிக் கூடுகிறது என்று காட்டும் வளைகோடு. அதில் நக்கெட் (தூரம் பூஜ்யத்தை நெருங்கும்போதும் மிஞ்சும் மாறுபாடு) 0.3, அதற்கு மேல் 0.7 அளவுள்ள ஸ்ஃபெரிகல் அமைப்பு (வளைகோட்டின் வழக்கமான வடிவங்களில் ஒன்று), ரேஞ்ச் (வளைகோடு தட்டையாகும் தூரம்) 100 மீட்டர். இரண்டு துளைகள் 50 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. சரியாக நடுவில் உள்ள புள்ளியை ஆர்டினரி கிரிகிங்கில் (சராசரி தெரியாது என்று கொள்ளும் வகை) மதிப்பிடுகிறோம். இருபக்கமும் சமம் என்பதால் எடை ஆளுக்கு 0.5. வேரியோகிராமின் மதிப்பு 25 மீட்டரில் 0.557, 50 மீட்டரில் 0.781. பிழையின் வேரியன்ஸ் என்பது முதலாவதன் இரண்டு மடங்கிலிருந்து இரண்டாவதன் பாதியைக் கழித்தால் வருவது: 1.114-இல் 0.391 போக 0.72.

இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. முதலாவது, 25 மீட்டர் தொலைவில் இருபுறமும் துளை இருந்தும் நமக்குக் குறைந்தது வெறும் 28 சதவீத வேரியன்ஸ்தான். அந்த 0.72-இல் 0.45 நக்கெட்டின் பங்கு. இரண்டாவது இன்னும் முக்கியம்: கணக்கில் எந்த இடத்திலும் துளைகளின் தரம் வரவே இல்லை. ஒரு பக்கம் டன்னுக்கு 1.0 கிராம், மறுபக்கம் 1.2 கிராம் என்றாலும் 0.72. ஒரு பக்கம் 0.2, மறுபக்கம் 9.0 என்றாலும் அதே 0.72. இரண்டாவது இடத்தில் சந்தேகம் பல மடங்கு அதிகம் என்று சுரங்கத்தில் கால் வைத்த எவருக்கும் தெரியும். கிரிகிங் வேரியன்ஸுக்குத் தெரியாது. அது துளைகளின் அமைப்பையும் வேரியோகிராமையும் மட்டுமே பார்க்கும். துளைத் திட்டம் ஒன்றையும் இன்னொன்றையும் ஒப்பிட அது நல்ல கருவி. ஒரு குறிப்பிட்ட பிளாக்கின் (படிவை மதிப்பிடப் பிரித்த பெட்டியின்) தரம் எவ்வளவு ஆடக்கூடும் என்று அதனிடம் கேட்கக் கூடாது. தரவு காஸியன் (மணி வடிவ) பரவலுக்கு நெருக்கமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. தங்கமும், மண்ணில் உள்ள ஈயமும் அப்படி இருப்பதில்லை.

நக்கெட் எங்கிருந்து வருகிறது

பலர் நக்கெட்டை வேரியோகிராம் வரையும்போது கண்ணால் குத்துமதிப்பாக வைக்கும் ஒரு புள்ளியாக நினைக்கிறார்கள். பாதி நேரம் அது ஆய்வகத்திலும் மாதிரி தயாரிக்கும் அறையிலும் முடிவாகிவிட்ட விஷயம்.

0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான ஒரு தங்கத் துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 19.3 என்றால் அதன் நிறை 0.158 மில்லிகிராம். 30 கிராம் மாதிரியில் அந்த ஒரே துகள் விழுந்தால் ஃபயர் அசே (உலையில் உருக்கித் தங்கத்தை அளக்கும் சோதனை) முடிவு டன்னுக்கு 5.3 கிராம் என்று வரும். பாறையின் உண்மைத் தரம் டன்னுக்கு 1 கிராம், தங்கம் முழுவதும் இந்த அளவுத் துகள்களாகவே இருக்கிறது என்றால், 30 கிராமில் சராசரியாக 0.19 துகள்தான் இருக்கும். பாய்சான் கணக்குப்படி (அரிதாக விழுபவற்றின் நிகழ்தகவுக் கணக்கு), நூறு மாதிரியில் சுமார் 83 பூஜ்யம் காட்டும், மீதி 5.3-ம் அதற்கு மேலும் காட்டும். ஒன்றுகூட 1 கிராம் என்று சரியாகச் சொல்லாது. ஆய்வகத்தின் மீது குற்றமில்லை. அளவு போதாது, அவ்வளவுதான். 1 கிலோ எடுத்து ஸ்க்ரீன் ஃபயர் அசே (சலித்து, பெரிய துகள்களைத் தனியே சோதிப்பது) செய்தால் சராசரி 6.3 துகள், ஒப்புத் திட்ட விலக்கம் 40 சதவீதம். அதுவும் பெரிதுதான், ஆனால் வேலைக்கு ஆகும்.

பியர் ஜி வகுத்த மாதிரியெடுப்புக் கோட்பாட்டில், அடிப்படைப் பிழையின் வேரியன்ஸ் துகளின் உச்ச அளவின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் மாதிரியின் நிறைக்கு எதிர் விகிதத்திலும் போகும். எனவே பிரிப்பதற்கு முன் பாறையை இன்னும் பாதி அளவுக்கு நொறுக்கினால் வேரியன்ஸ் எட்டில் ஒரு பங்காகும். நிறையை இரட்டிப்பதைவிட இது மலிவான வழி. ஒரே ஒரு சிக்கல்: தங்கம் இளகிய உலோகம். பாறை பொடியாகும்போது அது நசுங்கித் தட்டையாகுமே தவிர எளிதில் உடையாது. சூத்திரத்தை அப்படியே நம்பினால் ஏமாறுவோம்.

இதைச் சரிபார்க்க இரட்டை மாதிரிகள் வேண்டும், மூன்று நிலையிலும்: அரைத்த பொடியில், நொறுக்கிய பின் பிரித்ததில், கோரின் மறுபாதியில். மூன்றின் வேரியன்ஸையும் தனித்தனியே போட்டால் பிழை எந்தப் படியில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். பொடி இரட்டைகள் மட்டும் வைத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதும் அறிக்கைகள் எதையும் நிரூபிப்பதில்லை.

மண்ணில் நக்கெட்டைக் குறைக்கும் வழி எளிது. ஒரே புள்ளியில் ஒரு ஆகர் போடாமல், ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து இடத்தில் எடுத்துக் கலந்து ஒரே மாதிரியாக்குங்கள். மிக நுண்ணிய தூர மாறுபாடு அங்கேயே சமனாகிவிடும். ஆனால் ஒரு திட்டத்தில் பாதி தனி ஆகரும் பாதி கலவையுமாக இருந்தால் இரண்டையும் ஒரே வேரியோகிராமில் போடாதீர்கள். இரண்டின் கொள்ளளவும் வேறு; இந்தத் துறையில் அதற்கு சப்போர்ட் என்று பெயர்.

கிரிகிங்குக்கு முந்தைய வேலை

இந்தப் பகுதி சுவாரசியமில்லாதது. தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

தரவைத் திறந்ததும் முதலில் எதிர் எண்களைத் தேடுங்கள். பகுப்பாய்வு செய்யாத இடங்களை −99 என்றும், கண்டறியும் வரம்புக்குக் கீழே உள்ளதை −0.01 என்றும் குறிப்பது பல ஆய்வகங்களின் பழக்கம். அவை அப்படியே சராசரிக்குள் போய்விடும். வரம்புக்குக் கீழே உள்ளவை மொத்தத்தில் ஓரிரு சதவீதம் என்றால் வரம்பின் பாதியை வைத்து ஓட்டிவிடலாம். முப்பது, நாற்பது சதவீதம் என்றால் அது பரவலின் கீழ்ப்பகுதியையே செயற்கையாக ஓர் ஒற்றைக் குத்தாக மாற்றிவிடும்; அப்போது இண்டிகேட்டர் வழியோ (மதிப்பை வரம்புக்கு மேலா கீழா என்று 1, 0 ஆக்குவது), வெட்டுண்ட தரவுக்கான மாடலோ தேவை. அடுத்து, ஒரே ஆயத்தொலைவில் இரண்டு பதிவுகள் இருந்தால் கிரிகிங் அணிக்கு நேர்மாறு கிடைக்காது, மென்பொருள் பிழை காட்டும் அல்லது பைத்தியக்கார எடைகளைத் தரும். அட்சரேகை, தீர்க்கரேகைகளை டிகிரியில் வைத்துக்கொண்டு தூரம் கணக்கிடுவதும் அடிக்கடி காண்பது. கிழக்கு மேற்கில் ஒரு டிகிரியும் வடக்கு தெற்கில் ஒரு டிகிரியும் சமமல்ல. இல்லாத திசைச்சார்பு வேரியோகிராமில் முளைத்துவிடும்.

மாதிரி நீளங்கள் 0.3 மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை கலந்து இருந்தால் ஒரே நீளக் காம்போசிட்டாக (சேர்த்துச் சராசரி எடுத்த துண்டாக) மாற்றுங்கள். மூல மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் நீளத்தைவிடக் குறைந்த காம்போசிட் வேண்டாம்: 2 மீட்டர் மாதிரியை இரண்டு 1 மீட்டராக வெட்டினால் ஒரே எண் இருமுறை வரும், நக்கெட் பொய்யாகக் குறையும்.

பணக்காரப் பகுதியில் துளைகள் நெருக்கமாக இருப்பது இயல்பு. யாரும் வெறும் பாறையில் கூடுதல் துளை போடுவதில்லை. எனவே வெறும் சராசரி எப்போதும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். டிக்ளஸ்டரிங் செய்யுங்கள், அதாவது இடத்தைச் செல்களாகப் பிரித்து, நெருக்கமான துளைகளுக்குக் குறைந்த எடை கொடுங்கள். செல் அளவுக்கு, துளைகள் தள்ளித் தள்ளி உள்ள பகுதியின் இடைவெளி நல்ல தொடக்கம். சிமுலேஷன் (தரவுக்குப் பொருந்தும் பல சாத்தியப் படங்களை உருவாக்குவது; பின்னால் வரும்) இந்த எடையிட்ட பரவலைத்தான் மீண்டும் உருவாக்கும் என்பதால், இங்கே விட்ட பிழை கடைசி எண் வரை அப்படியே போகும்.

டொமைன் (தன்மை ஒன்றாக உள்ள மண்டலம்) பிரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆக்ஸைடு மண்டலத்தையும் சல்ஃபைடு மண்டலத்தையும், அல்லது ஆற்றுப் படுகை வண்டலையும் மேட்டு மண்ணையும், ஒரே வேரியோகிராமில் போட்டால் வருவது இரண்டின் வித்தியாசம்தான், எதன் அமைப்பும் அல்ல. எல்லையைத் தாண்டும்போது சராசரி படியாக மாறுகிறதா, மெல்ல மாறுகிறதா என்று எல்லையிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். படியாக மாறினால் கடின எல்லை. அந்தப் பக்கத்துத் தரவை இந்தப் பக்கம் பயன்படுத்தக் கூடாது.

எல்லையே எங்கே என்பதில் உள்ள சந்தேகம்தான் பல படிவுகளில் எல்லாவற்றையும்விடப் பெரிது. 2 மீட்டர் தடிமனுள்ள ஒரு நரம்பில் மேல், கீழ் எல்லை இரண்டும் 0.25 மீட்டர் தவறினால் டன்னேஜில் 25 சதவீதம் போயிற்று. தரத்துக்கு நூறு ரியலைசேஷன் (சிமுலேஷன் தரும் ஒவ்வொரு சாத்தியப் படம்) ஓட்டிவிட்டு, வயர்ஃபிரேமை (படிவு எல்லையின் முப்பரிமாண வடிவை) மட்டும் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்கள் பெரிய பிழையை விட்டுவிட்டுச் சிறிய பிழையை நுணுக்கமாக அளக்கிறார்கள். குறைந்தது இரண்டு, மூன்று மாற்று எல்லைகளையாவது வரைந்து ஓட்டிப் பாருங்கள்.

வேரியோகிராம்: எவ்வளவு நம்பலாம்

மண்ணியலில் வெப்ஸ்டரும் ஆலிவரும் சொல்லும் அளவுகோல் பரவலாக ஏற்கப்பட்டது: திசை பார்க்காத வேரியோகிராமுக்கே சுமார் 100 மாதிரியாவது வேண்டும், 50-க்குக் கீழே போனால் வருவது பெரும்பாலும் இரைச்சல். திசைச்சார்பும் பார்க்க வேண்டுமானால் அதைவிட அதிகம். ஒவ்வொரு லேகிலும் (ஜோடிகளைப் பிரிக்கும் தூர இடைவெளி) குறைந்தது 30 ஜோடி, மொத்த அகலத்தின் பாதிக்கு மேல் போகாத தூரம், இந்த இரண்டும் பழைய விதிகள், இன்றும் செல்லும்.

துளைத் தரவில் நக்கெட்டைத் துளைக்குள்ளேயே, மேலிருந்து கீழாக, காம்போசிட் நீளத்தையே லேகாக வைத்து எடுங்கள். துளைகளுக்கு இடையே உள்ள 50 மீட்டரில் தொடங்கும் வேரியோகிராமைப் பின்னோக்கி நீட்டி நக்கெட் கண்டுபிடிப்பது ஜோசியம். மண் கட்டத்தில் துளைக்குள் என்ற வசதி இல்லை. எனவே திட்டமிடும்போதே மாதிரிகளில் பத்தில் ஒரு பங்கையாவது 5, 10, 20 மீட்டர் இடைவெளியில் நெருக்கமான ஜோடிகளாக ஒதுக்குங்கள். அப்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் தவறு சாதாரணம். 5 மீட்டர் ஜோடியை அதை வைத்து அளந்தால் தூரமே தெரியாத ஜோடியாகிவிடும்; டேப் போட்டு அளந்து எழுதுங்கள்.

பரவல் மிகவும் சாய்ந்திருந்தால் மூலத் தரவின் வேரியோகிராம் ஓரிரு உச்ச மதிப்புகளின் ஆட்டமாகவே இருக்கும். நார்மல் ஸ்கோராக (தரவரிசைப்படி மணி வடிவப் பரவலுக்கு) மாற்றிவிட்டுப் பார்த்தால் அமைப்பு தெளியும். லாக் எடுத்து கிரிகிங் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விடையை வெறுமனே திருப்பி மாற்றினால் கிடைப்பது இடைநிலை, சராசரி அல்ல. லாக் அளவில் வேரியன்ஸ் 1 என்றால் லாக்நார்மல் பரவலின் சராசரி அதன் இடைநிலையைப் போல 1.65 மடங்கு. இந்தத் திருத்தம் வேரியோகிராமின் சில் (வளைகோடு தட்டையாகும் உயரம்) அளவைப் பொறுத்து எகிறும் என்பதால், நார்மல் ஸ்கோரும் சிமுலேஷனுமே எனக்குப் பிடித்த வழி.

மென்மையான படமும் கட்-ஆஃபும்

கிரிகிங் சராசரி எடுக்கும் கருவி. உச்சங்களை மழிக்கும், பள்ளங்களை நிரப்பும். மொத்தச் சராசரி மட்டும் தேவை என்றால் இதனால் கேடில்லை. ஆனால் கனிமத்திலும் மண்ணிலும் கேள்வி எப்போதும் ஒரு வரம்பைச் சார்ந்தது: கட்-ஆஃபுக்கு (தோண்டினால் கட்டுப்படியாகும் குறைந்தபட்சத் தரத்துக்கு) மேலா, கீழா; சுத்திகரிக்க வேண்டுமா, வேண்டாமா.

மண்ணில் ஈயத்துக்கான வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று வைப்போம். ஓர் இடத்தில் மதிப்பீடு 90, பிழையின் திட்ட விலக்கம் 25. படத்தில் அது பச்சையாகத் தெரியும். காஸியன் என்றே எடுத்துக்கொண்டாலும் வரம்பைத் தாண்டும் நிகழ்தகவு 34 சதவீதம். மூன்றில் ஒன்று. இப்படிப்பட்ட பச்சைக் கட்டங்கள் நூறு இருந்தால் சுமார் 34 உண்மையில் சிவப்பு. எனவே மண் மாசுக்கு மதிப்பீட்டுப் படத்தைக் கொடுக்காமல், வரம்பைத் தாண்டும் நிகழ்தகவுப் படத்தைக் கொடுப்பதுதான் முறை. அதன் மேல் எத்தனை சதவீதத்தில் சுத்திகரிப்பைத் தொடங்குவது என்பது, தேவையில்லாமல் தோண்டும் செலவையும் மாசை விட்டுவைக்கும் இழப்பையும் வைத்து முடிவு செய்ய வேண்டியது.

சுரங்கத்தில் இதே சிக்கலைத் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க வயல்களில் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் 1951-இல் எண்களாலேயே காட்டினார்: விளிம்பு மாதிரிகளை வைத்து வளமானது என்று மதிப்பிட்ட பிளாக்குகள் வெட்டிப் பார்க்கும்போது அதைவிடக் குறைவாகவும், ஏழை என்று ஒதுக்கியவை அதைவிட நன்றாகவும் இருந்தன. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜார்ஜ் மதரான் இதற்குக் கோட்பாடு எழுதியபோது முறைக்கே கிரிக்கின் பெயரை வைத்தார். அதே பிழையை இன்று நாம் வேறு வழியில் செய்கிறோம்: 50 மீட்டர் துளை இடைவெளிக்கு 5 மீட்டர் பிளாக் போட்டுப் படத்தை அழகாக்குவது. பிளாக் அளவு துளை இடைவெளியின் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை இருக்கட்டும். அதைவிடச் சிறிதாக வேண்டுமானால் சிமுலேஷனுக்குப் போங்கள்.

சிமுலேஷன், படிப்படியாக

சீக்வென்ஷியல் காஸியன் சிமுலேஷனின் வேலை இதுதான். டிக்ளஸ்டர் எடையோடு தரவை நார்மல் ஸ்கோராக மாற்றுங்கள். அந்த ஸ்கோர்களுக்கு வேரியோகிராம் பொருத்துங்கள். சில் 1-ஐ ஒட்டி வர வேண்டும். கட்டத்தின் முனைகளைச் சமவாய்ப்பு வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும், சுற்றியுள்ள தரவையும் ஏற்கெனவே சிமுலேட் ஆன முனைகளையும் வைத்து, சராசரி 0 என்ற சிம்பிள் கிரிகிங் செய்து ஒரு சராசரியும் வேரியன்ஸும் பெறுங்கள். அந்தக் காஸியனிலிருந்து ஓர் எண்ணை எடுத்து முனையில் வைத்து, அதையும் தரவாகக் கொண்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் நிறைந்ததும் மூல அலகுக்குத் திருப்பி மாற்றுங்கள். வரிசையையும் சீடையும் (சமவாய்ப்பு எண்களின் தொடக்க எண்) மாற்றி மீண்டும் ஓட்டினால் அடுத்த ரியலைசேஷன்.

சொல்லும்போது சுலபம். தடுக்கி விழும் இடங்கள் பல. முதலாவது, மேல் வால். தரவின் உச்சத்துக்கு மேல் எவ்வளவு தூரம் போகலாம் என்று நாமே ஓர் எல்லை கொடுக்க வேண்டும். தாராளமாக விட்டால் எங்கோ ஒரு முனையில் 400 கிராம் தங்கம் முளைத்து மொத்தச் சராசரியையே தூக்கிவிடும். இரண்டாவது, சிம்பிள் கிரிகிங் சராசரி எங்கும் ஒன்று என்று நம்புகிறது. டொமைனுக்குள் தெளிவான டிரெண்ட் (ஒரு திசையில் சீராகக் கூடுவதோ குறைவதோ) இருந்தால் தரவு இல்லாத ஓரங்கள் மொத்தச் சராசரிக்கு இழுபடும். டிரெண்டைக் கழித்தோ, இடம்சார்ந்த சராசரி கொடுத்தோ ஓட்டுங்கள். மூன்றாவது, தேடும் முனைகளின் எண்ணிக்கையை வேகத்துக்காக மிகவும் குறைத்தால் நீண்ட தூரத் தொடர்ச்சி கலையும். மல்டிபிள் கிரிட் (முதலில் அகலக் கட்டம், பிறகு நெருக்கக் கட்டம்) வசதியை அணைத்துவிடாதீர்கள்.

பிறகு சப்போர்ட். புள்ளி வேரியன்ஸ் ஒருபோதும் பிளாக் வேரியன்ஸ் ஆகாது. நாம் மேலே பார்த்த அதே வேரியோகிராமில் 10 மீட்டர் சதுர பிளாக்குக்கு நக்கெட் முழுவதும் கரைந்துவிடும். மீதியிலும் கொஞ்சம் போய், பிளாக் வேரியன்ஸ் சுமார் 0.65-இல் நிற்கும். எனவே நெருக்கமான முனைகளில் சிமுலேட் செய்து, உண்மையில் தோண்டும் அலகின் அளவுக்குச் சராசரி எடுக்க வேண்டும். 2 மீட்டர், 2 மீட்டர், 2.5 மீட்டர் முனைகளை 10, 10, 5 மீட்டர் பிளாக்காக மாற்றினால் ஒரு பிளாக்கில் 50 முனைகள். சராசரியை மூல அலகுக்குத் திருப்பிய பின் எடுங்கள். நார்மல் ஸ்கோர்களைச் சராசரி எடுத்துவிட்டுத் திருப்பினால் விடை தவறு. இதைச் செய்த ஸ்கிரிப்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நினைவகக் கணக்கையும் முன்பே போடுங்கள். 1,000, 500, 200 மீட்டர் பெட்டிக்கு மேற்சொன்ன இடைவெளியில் ஒரு கோடி முனைகள். நூறு ரியலைசேஷனுக்கு 100 கோடி எண்கள், ஒன்றுக்கு 4 பைட் என்றால் 4 ஜிபி. பிளாக்காக்கிய பின் சேமித்தால் 2 லட்சம் பிளாக், மொத்தம் 80 எம்பி. முனைகளைச் சேமிக்கவே தேவையில்லை. சீடைக் குறித்து வைத்தால் போதும்.

காஸியன் மாடலுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: உச்ச மதிப்புகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுச் சிதறிக் கிடக்கும். உயர்தரம் நீண்ட இழைகளாக ஓடும் படிவிலோ, மாசு ஒரு கால்வாய் வழியே பரவும் மண்ணிலோ இது உண்மையைச் சிதைக்கும். அங்கே ஜூர்னெல் 1983-இல் முன்வைத்த இண்டிகேட்டர் வழி உதவும்: ஒவ்வொரு வரம்புக்கும் தனி வேரியோகிராம். விலையும் உண்டு, வரம்பு ஒன்பது என்றால் மாடலும் ஒன்பது, நடுநடுவே நிகழ்தகவுகள் வரிசை மாறிப் போவதைத் திருத்தவும் வேண்டும்.

நூறு படத்தை வைத்து என்ன செய்வது

முதலில் சோதனை. ஹிஸ்டோகிராம் மீண்டும் வருகிறதா, வேரியோகிராம்கள் மாடலைச் சுற்றி ஆடுகின்றனவா, நூறின் சராசரி கிரிகிங் படத்தை ஒத்திருக்கிறதா. இந்த மூன்றும் தேறினால்தான் மேலே.

பிறகு கேள்வியை ஒவ்வொரு ரியலைசேஷனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: கட்-ஆஃபுக்கு மேல் எத்தனை டன், எவ்வளவு உலோகம், முதல் ஆண்டில் என்ன வரும். நூறு விடைகளின் பரவல்தான் நிச்சயமின்மை. படங்களைச் சராசரி எடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் கிரிகிங்குக்கே திரும்பிவிட்டோம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை: ஒவ்வொரு பிளாக்கின் பி10 மதிப்பையும் (அதற்கும் கீழே போக பத்து சதவீத வாய்ப்புள்ள அளவு) கூட்டி, மொத்தப் படிவின் பி10 என்று சொல்வது. 1,000 பிளாக்கின் பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், மொத்தத்தின் பி10 சராசரியிலிருந்து பிளாக் ஒன்றுக்கு 0.04 திட்ட விலக்கம்தான் கீழே; கூட்டிய பி10-களோ 1.28 கீழே. உண்மையில் பிழைகள் சார்ந்தவை, எனவே விடை இரண்டுக்கும் நடுவில். எங்கே என்பதை ரியலைசேஷன்கள்தான் சொல்லும். பி50 ரியலைசேஷன் என்று ஒன்றைப் பொறுக்கிச் சுரங்கத் திட்டம் போடுவதும் இதே ரகம். உலோக அளவில் நடுவில் இருக்கும் படம், முதல் மூன்று ஆண்டு வரவில் ஓரத்தில் இருக்கலாம்.

வகைப்பாட்டுக்கு வருவோம். ஜோர்க் விதித்தொகுப்பு (ஆஸ்திரேலியாவில் கனிம இருப்பை அறிவிப்பதற்கான விதிகள்) நம்பிக்கை குறையும் வரிசையில் மெஷர்டு, இண்டிகேட்டட், இன்ஃபர்டு என்று பிரிக்கிறதே தவிர எந்தச் சதவீதமும் விதிக்கவில்லை. துறையில் புழங்கும் அளவுகோல், ஒரு காலாண்டு உற்பத்தி 90 சதவீத நம்பிக்கையில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் மெஷர்டு, ஓர் ஆண்டு உற்பத்தி அப்படி இருந்தால் இண்டிகேட்டட். அளவு எந்தக் கொள்ளளவுக்கு என்று சொல்லாத எந்தச் சதவீதத்துக்கும் பொருள் கிடையாது என்பதால்தான் இந்த அளவுகோல் எனக்கு ஏற்புடையது.

சொன்ன இடைவெளி சரியா

ஒன்றை விட்டு மதிப்பிடும் சோதனையில், பிழையின் வர்க்கத்தை வேரியன்ஸால் வகுத்த எண்ணின் சராசரி 1-ஐயும் இடைநிலை 0.455-ஐயும் ஒட்டி வர வேண்டும். சராசரி 1, இடைநிலை 0.2 என்றால் ஓரிரு உச்சங்கள் வேரியோகிராமை ஊதிவிட்டன என்று பொருள். சிமுலேஷனுக்கு இன்னும் நேரடியான வழி: 50 சதவீத இடைவெளிக்குள் 50 சதவீத உண்மை மதிப்புகளும், 90-க்குள் 90-ம் விழுகின்றனவா என்று எண்ணுங்கள்.

துளைத் தரவில் ஒரு காம்போசிட்டை மட்டும் விட்டால் சோதனை ஏமாற்று வேலை. அதே துளையில் ஒரு மீட்டர் மேலும் கீழும் உள்ளவை விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும். முழுத் துளையையும் விடுங்கள்.

மண் வரைபடங்களில் இன்று ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்க்கும் இயந்திரக் கற்றல் முறை) பரவிவிட்டது. 90 சதவீத முன்கணிப்பு இடைவெளியும் சேர்த்தே வருகிறது. நல்லது. ஆனால் மாதிரிகள் கொத்துக் கொத்தாக இருந்தால் சமவாய்ப்பாகப் பிரித்த சோதனை அளவுக்கு மீறி நன்றாகக் காட்டும். இடம்சார்ந்து பிரித்த சோதனை சில வேளை அளவுக்கு மீறி மோசமாகக் காட்டும். முடிந்தால் தனியாக, நிகழ்தகவு முறையில் எடுத்த சோதனை மாதிரிகளை வைத்துக்கொள்வதே தெளிவு.

கார்பன் இருப்பு போன்றவற்றில் பல அளவுகள் பெருக்கப்படுகின்றன: செறிவு, மண் அடர்த்தி, ஆழம், கல் நீங்கிய பங்கு. செறிவில் 15 சதவீதமும் அடர்த்தியில் 10 சதவீதமும் பிழை. சார்பில்லை என்றால் பெருக்கத்தில் 18. ஆனால் கார்பன் கூடிய மண் லேசானது. அந்த எதிர்த்தொடர்பு பிழைகளிலும் −0.5 அளவுக்கு இருந்தால் 13 சதவீதம்தான். இரண்டையும் தனித்தனியே சிமுலேட் செய்து பெருக்கினால் நிச்சயமின்மை மிகையாகும். சேர்த்தே சிமுலேட் செய்யுங்கள்.

அடுத்த துளை எங்கே

சிமுலேஷனின் மிகப் பயனுள்ள வேலை என் பார்வையில் இதுதான். ஒரு ரியலைசேஷனை உண்மை என்று வைத்து, அதில் 25 மீட்டர் இடைவெளியில் மெய்நிகராகத் துளையிட்டு, மாதிரிப் பிழையையும் சேர்த்து, மறுபடி மதிப்பிட்டு, தவறாக வகைப்படுத்திய டன்களை எண்ணுங்கள். இருபது முப்பது ரியலைசேஷனில் திரும்பச் செய்தால், கூடுதல் துளைகள் எவ்வளவு இழப்பைத் தடுக்கும் என்பது துளைச் செலவோடு ஒப்பிடக்கூடிய எண்ணாக வந்துவிடும்.

அதை ஓட்டும் முன் நக்கெட்டின் பங்கைப் பாருங்கள். முதல் உதாரணத்தில் இரண்டு துளைகளின் இடைவெளியை 50-லிருந்து 25 மீட்டராகக் குறைத்தால் நடுப்புள்ளியின் பிழை 0.72-லிருந்து 0.58-க்கு இறங்கும். அதில் 0.45 இன்னும் நக்கெட்தான், அசையவே இல்லை. பிளாக் மதிப்பீட்டில் அதன் பங்கு குறையும், ஆனால் மறையாது. அந்த நக்கெட்டில் பெரும்பகுதி மாதிரி தயாரிப்பிலிருந்து வருகிறது என்று இரட்டை மாதிரிகள் காட்டினால், துளை இயந்திரத்தை வரவழைக்கும் முன் நொறுக்கும் இயந்திரத்தின் சல்லடை அளவைக் குறைத்து, பெட்டியில் தங்கிய பாதிக் கோர்களில் ஐம்பதை 1 கிலோ மாதிரியாக மறுபடி அனுப்பிப் பாருங்கள். புதிய வேரியோகிராமில் நக்கெட் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்த பிறகு துளை இடைவெளியை முடிவு செய்யலாம்.